மாணவிக்கு இ-ரீடர் வாங்குவதென்றால் முதலில் அகராதியைப் பாருங்கள்

கேள்வி இது: “மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். பிறந்தநாளுக்கு ஒரு இ-ரீடர் (மின்னூல் படிக்கும் சாதனம்) வாங்கித் தரலாம் என்று இருக்கிறோம். சொல்லை விரலால் அழுத்தினால் பொருள் வந்துவிடும் என்கிறார்கள். அது நிஜமாகவே பயன்படுமா, இல்லை பிள்ளையைச் சோம்பேறி ஆக்கிவிடுமா? தமிழ்ப் புத்தகத்துக்கும் வேலை செய்யுமா? நூலகத்தில் இரவல் வாங்கியும் படிப்பாள்.”

சுருக்கமான பதில்: ஆங்கிலப் புத்தகங்களுக்கு நிச்சயம் பயன்படும், சோம்பேறி ஆக்காது. தமிழுக்கு, வாங்கிய கையோடு அவ்வளவாகப் பயன்படாது. நீங்கள் கொஞ்சம் மெனக்கெட்டு அமைத்துக் கொடுத்தால் பயன்படும், அப்படி மெனக்கெடுவது வீண்போகாது. திரை எத்தனை அங்குலம், எத்தனை ஜிபி என்றெல்லாம் பார்த்துத்தான் எல்லாரும் வாங்குகிறார்கள். படிக்கிற பிள்ளைக்கு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதற்குள் இருக்கும் அகராதியை. சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சோம்பேறித்தனம் பற்றிய பயம். அலமாரியில் தடித்த அகராதி இருக்கும் வீட்டிலும் பிள்ளைகள் எழுந்துபோய் அதை எடுப்பதில்லை. எடுத்து, புரட்டி, எழுத்து வரிசையில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் படித்துக்கொண்டிருந்த வாக்கியம் மறந்துபோகிறது. அதனால் தெரியாத சொல்லைத் தாண்டிப் போகப் பழகிவிடுகிறார்கள். இதை ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். 1996இல் ஹல்ஸ்டைனும் அவருடைய கூட்டாளிகளும் பிரெஞ்சு படிக்கும் டச்சு மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குப் பக்க ஓரத்திலேயே சொற்பொருள் கொடுத்தார்கள், இன்னொரு குழுவின் கையில் அகராதியைக் கொடுத்தார்கள். அகராதி வைத்திருந்தவர்கள் அதை அரிதாகத்தான் திறந்தார்கள். ஆனால் திறந்து பார்த்த சொற்கள் அவர்கள் மனத்தில் நன்றாகவே தங்கின. ஆக, அகராதி பார்ப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. பார்க்க ஆகும் சிரமம்தான் ஆளைத் தடுக்கிறது. சாதனத்துக்குள் இருக்கும் அகராதி அந்தச் சிரமத்தை ஒரு நொடியாகக் குறைத்துவிடுகிறது, வாக்கியமும் கண்ணெதிரேயே இருக்கிறது.

அதற்கு முன், 1994இல், சூசன் நைட் என்பவர் ஸ்பானிஷ் கற்கும் அமெரிக்க மாணவர்களைக் கணினியில் படிக்கவைத்துப் பார்த்தார். அகராதி கிடைத்தவர்கள் கூடுதலாகச் சொற்கள் கற்றதோடு, படித்ததையும் மேலாகப் புரிந்துகொண்டார்கள். அகராதி இல்லாதபோது அதிகம் அடிவாங்கியவர்கள் மொழித்திறன் குறைந்த மாணவர்கள். வகுப்பில் நான் கண்டதும் இதுதான். கெட்டிக்காரப் பிள்ளை சூழலை வைத்து ஊகித்துக் கடந்துவிடும். தடுமாறும் பிள்ளைக்கு ஊகிக்கப் பக்கத்துச் சொற்களே கைகொடுக்காது. “முதலில் ஊகி, அகராதியைத் தொடாதே” என்று கண்டிப்பு காட்டுகிற ஆசிரியர்கள், யாருக்கு உதவி அதிகம் வேண்டுமோ அவர்களிடமிருந்தே அதைப் பிடுங்குகிறார்கள் என்பது என் கருத்து.

எந்தப் புத்தகம் பிள்ளைக்கு ஏற்றது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஹூ, நேஷன் இருவரும் 2000இல் செய்த ஆய்வின்படி, யார் உதவியும் இல்லாமல் ஒரு கதையைச் சரளமாகப் படித்து இன்புற, அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும். முந்நூறு சொல் உள்ள பக்கத்தில் தெரியாதவை ஆறு இருக்கலாம். 95 விழுக்காடுதான் தெரியும் என்றால் பக்கத்துக்குப் பதினைந்து சொல் இடறும், பிள்ளை இரண்டாம் அத்தியாயத்திலேயே புத்தகத்தை மூடிவிடும். உள்ளே இருக்கும் அகராதி நிரப்புவது இந்த இடைவெளியைத்தான். வயதுக்கும் ஆசைக்கும் ஏற்ற, ஆனால் சொல்வளத்துக்கு ஒரு படி மேலே இருக்கும் புத்தகத்தை அவள் எடுக்க முடிகிறது. பதினான்கு வயதுப் பெண்ணிடம் எட்டு வயதுக் கதையைக் கொடுத்து “இதுதான் உன் நிலை” என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ் வகுப்பில் இந்தச் சங்கடம் எவ்வளவு பெரியது என்பது இங்குள்ள எல்லாத் தமிழாசிரியர்களுக்கும் தெரியும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். பிள்ளைகளின் அறிவும் ரசனையும் ஓரிடத்தில் நிற்க, தமிழ்ச் சொல்வளம் வேறோரிடத்தில் நிற்கிறது.

கைப்பேசியிலேயே கூகுளில் தேடிக்கொள்ளலாமே என்பார்கள். தேடலாம். ஆனால் புத்தகத்தை விட்டு வெளியே போகவேண்டும். போன இடத்தில் வாட்ஸ்அப் மணி அடிக்கும், ஏதாவது காணொளி முன்னால் வந்து நிற்கும். அகராதியைத் தரவிறக்கி வைத்திருக்கும் சாதனத்தில் இணையமே தேவையில்லை, அதனால் வெளியே போகும் வழியும் இல்லை.

ஒரு கெடுதல் மட்டும் உண்மையிலேயே உண்டு. சொல்லை அழுத்தினால் எழும் சிறு பெட்டியில் முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும். பிள்ளைகள் முதற்பொருளை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அது இந்த வாக்கியத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கமாட்டார்கள். பெட்டியைத் தட்டினால் முழுப் பதிவும் விரியும் என்பதை முதல் நாளே காட்டிக்கொடுங்கள். பத்தியை ஒருமுறை முடித்துவிட்டு அப்புறம் சொல்லை அழுத்தப் பழக்குங்கள். அதற்குள் வாக்கியம் எந்தப் பொருளைக் கேட்கிறது என்பது பாதி புலப்பட்டிருக்கும். கவிதைக்கு மட்டும் இந்தப் பழக்கம் ஒத்துவராது என்பேன். கவிதையை இரண்டு மூன்று தடவை வாய்விட்டுப் படித்த பிறகு அகராதிக்குப் போகலாம்.

ஆங்கிலத்துக்கு அமைத்துக் கொடுப்பது எளிது. அமேசானின் கிண்டில் இ-ரீடரில் நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் அகராதி முதலில் வந்து நிற்கும். இங்கே பள்ளியில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் என்பதால், அமைப்புகளில் மொழி, அகராதி பகுதிக்குப் போய் ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரி ஆஃப் இங்கிலீஷுக்கு மாற்றிவிடுங்கள். கற்போருக்கென்றே செய்த அகராதி கிடைத்தால் இன்னும் நல்லது. 1978இல் வந்த லாங்மேன் அகராதி பரவலாக்கிய முறை அது: எல்லாச் சொற்களுக்கும் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களை மட்டும் வைத்தே பொருள் சொல்வது. பொருளிலேயே இன்னொரு தெரியாத சொல் வந்து நின்றால் பிள்ளைக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

சரி, தமிழுக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: “ஆற்றங்கரையில் நொந்துபோய் உட்கார்ந்திருந்தவனைக் கண்டதும் பாட்டிக்கு மனம் கேட்கவில்லை.” ஏழு சொற்கள். அகராதியில் தலைச்சொல்லாக இருக்கும் வடிவத்திலேயே இந்த வாக்கியத்தில் நிற்பது ‘மனம்’ ஒன்றுதான். ‘கண்டதும்’ என்பதை அழுத்தினால் எதுவும் வராது, அகராதியில் இருப்பது ‘காண்’. ‘நொந்துபோய்’ என்பதற்கு ‘நோ’ என்ற ஓரெழுத்துச் சொல்லுக்குப் போகவேண்டும். ‘உட்கார்ந்திருந்தவனைக்’ என்பதன் கடைசியில் நிற்கும் ‘க்’ அந்தச் சொல்லுக்கே உரியதல்ல, அடுத்து ‘கண்டதும்’ வருவதால் ஒட்டிக்கொண்டது. விரல் அழுத்தும்போது சாதனம் அந்த ‘க்’கையும் சேர்த்தே தேடுகிறது. கடைசியாக ‘மனம் கேட்கவில்லை’. இரண்டு சொல்லுக்கும் தனித்தனியே பொருள் கிடைத்தாலும், பாட்டியால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை என்பது பிள்ளைக்கு எட்டாது.

காரணம் அகராதிக் கோப்பு செய்யப்படும் விதத்தில் இருக்கிறது. கிண்டிலின் ஆங்கில அகராதியில் ஒவ்வொரு தலைச்சொல்லுக்கும் கீழே அதன் மாறிய வடிவங்களையும் எழுதிவைத்திருப்பார்கள். ஆங்கில வினைச்சொல்லுக்கு நான்கைந்து வடிவந்தான், எழுதிவிடலாம். தமிழ் வினைக்குக் காலம், இடம், பால், எண், எச்சங்கள், எதிர்மறை என்று அடுக்கி, அதன்மேல் ‘தான்’, ‘கூட’, ‘உம்’ எல்லாம் ஒட்டினால் ஒரு வினையே ஆயிரக்கணக்கில் வடிவெடுக்கும். பட்டியல் போட்டு மாளாது. சொல்லைப் பிரித்து வேரைக் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்று உள்ளே இருக்கவேண்டும். ஆகவே “தமிழ் அகராதி உண்டு” என்று கடையில் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, ‘ஆற்றில்’, ‘கண்டேன்’, ‘அதைப்’ என்ற மூன்றையும் அழுத்திப் பாருங்கள். ஆறு, காண், அது என்று வந்தால் அந்தச் சாதனத்தைத் தாராளமாக வாங்கலாம்.

வராவிட்டாலும் கதை முடிந்துவிடவில்லை. கேஓரீடர் என்ற இலவச வாசிப்புச் செயலி இருக்கிறது. கோபோ என்ற இ-ரீடரிலும் ஆண்ட்ராய்டு சாதனங்களிலும் நிறுவலாம். ஸ்டார்டிக்ட் என்ற வடிவத்தில் உள்ள எந்த அகராதியையும் அது ஏற்கும். அழுத்திய சொல் கிடைக்கவில்லை என்றால் வாலை வெட்டிவிட்டு மறுபடி தேடலாம். பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியது அந்த வெட்டும் வேலையைத்தான். முதலில் கடைசியில் ஒட்டிய க், ச், த், ப்பை எடு. அடுத்து ஐ, ஆல், கு, இல் போன்ற உருபை எடு. மிச்சம் இருப்பது பெயரா வினையா என்று பார். ‘வீட்டை’ என்பதில் உருபை எடுத்தால் ‘வீட்டு’, அதிலிருந்து ‘வீடு’. ‘மரத்திலிருந்து’ என்றால் ‘மரத்து’, அதிலிருந்து ‘மரம்’. நீங்கள் பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருந்தால் நினைவு வரும்: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். ‘கண்டான்’ என்பதைக் காண் + ட் + ஆன் என்று பிரித்து, ‘காண்’ ‘கண்’ எனக் குறுகியது விகாரம் என்று தேர்வுக்காக எழுதினோமே, அதேதான். தேர்வுத்தாளில் உயிரில்லாமல் கிடக்கும் அந்த இலக்கணம், கதையில் அடுத்து என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள அகராதி தேடும்போது பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும். இதை நான் வகுப்பில் கண்ணால் பார்த்திருக்கிறேன். பலகையில் எழுதிப் போட்டு விளக்கியும் ஏறாதது, தானே ஒரு சொல்லின் வாலை வெட்டி வேரைப் பிடித்ததும் ஏறிவிடும். அதனால்தான் தமிழுக்கு அமைத்துக் கொடுக்கும் வேலை வீண்போகாது என்று மேலே சொன்னேன்.

எந்தத் தமிழ் அகராதி என்று கேட்பீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன்தான் பெரியது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் பின்னிணைப்பாகவும் வந்தது, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தருவதால் நம் பிள்ளைகளுக்குத் தோதானது. ஃபப்ரிசியஸ், வின்ஸ்லோ அகராதிகளோடு சேர்த்து சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஆனால் அது இலக்கியத்தையும் சேர்த்துக் கட்டிய கடல். ‘ஆறு’ என்று தேடினால் நதி, எண், வழி, தணிதல் என்று வந்துகொண்டே இருக்கும், உயர்நிலை இரண்டு மாணவிக்குத் தலை சுற்றும். அவளுக்கு நான் சொல்வது 1992இல் முதற்பதிப்பும் 2020இல் மூன்றாம் பதிப்பும் கண்ட ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’. இன்று எழுதப்படும் தமிழுக்கானது, எடுத்துக்காட்டு வாக்கியம் தருகிறது, ஆங்கிலப் பொருளும் உண்டு. சாதனத்துக்குள் இல்லாவிட்டால் அச்சுப் பிரதி மேசைமேல் இருக்கட்டும். இணையத்தில் பலர் சேர்ந்து எழுதும் தமிழ் விக்சனரியில் மூன்று லட்சத்தைத் தாண்டிப் பதிவுகள் இருக்கின்றன. அவசரத்துக்கு உதவும், தரம் ஒரே சீராக இருக்காது.

நம் ஊர்ச் சொற்கள் தனிப் பிரச்சினை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), மசே நிதி (மத்திய சேம நிதி), தொடக்கக் கல்லூரி, பெருவிரைவு ரயில் எல்லாம் தமிழ் முரசு நாளிதழிலும் ‘செய்தி’ தளத்திலும் அன்றாடம் புழங்குகின்றன. 1930களிலேயே முடிந்த லெக்சிகனில் இவற்றைத் தேட முடியாது. இந்த மாதிரிச் சொற்களுக்கு ஸ்டார்டிக்ட் வடிவில் நீங்களே ஒரு சிறு அகராதி செய்து சாதனத்தில் போடலாம். சொல், பொருள் என்று இரண்டு பத்தியாகத் தட்டெழுதிய கோப்பு இருந்தால் போதும், மாற்றித்தரும் இலவச நிரல்கள் உண்டு. ஒரு வகுப்பே சேர்ந்து செய்தால் அருமையான திட்டப்பணி ஆகும்.

அகராதி அமைத்த பிறகும் சில தமிழ் மின்னூல்களில் எதுவுமே வேலை செய்யாது. பழைய கோப்புகள், யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டுக்கு முந்திய எழுத்துருவில் இருக்கும். திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது வேறு எழுத்து, அகராதியால் அதைப் படிக்க முடியாது. இந்தக் குறியீட்டுக் குழப்பத்தைத் தீர்க்கப் பாடுபட்டதில் சிங்கப்பூருக்குப் பெரிய பங்கு உண்டு. கணியன் என்ற தமிழ்க் கணினி மென்பொருளை உருவாக்கிய நா. கோவிந்தசாமி இங்கே இருந்தவர், 1999இல் மறைந்தார். தமிழ்நெட் 97 மாநாடு இங்கே நடந்தது. உத்தமம் (உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்) அமைப்பு 2000இல் உருவானதும் இங்கே நடந்த இணைய மாநாட்டை ஒட்டித்தான். இன்று உங்கள் மகள் தமிழ்ச் சொல்லை அழுத்தினால் சாதனம் அதைத் தமிழாகவே அடையாளம் காண்கிறது என்றால் அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அடுத்த தடை ஸ்கேன் செய்த பக்கங்கள். 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தைப் பொன்விழா ஆண்டில் மின்னாக்கித் தேசிய நூலக வாரியத்திடம் சேர்த்தார்கள், பெரிய சேவை. ஆனால் எந்த நூலானாலும் பக்கம் வெறும் படமாக இருக்கும்வரை அகராதிக்குப் பிடிமானம் இல்லை. எழுத்துணரி வழியாக எழுத்தாக மாற்றிய பிறகுதான் சொல்லை அழுத்த முடியும்.

நூலக இரவல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்கள் லிபி (Libby) என்ற நூலகச் செயலி வழியாகக் கிடைக்கின்றன. கைப்பேசியிலோ டேப்லட்டிலோ படித்தால் சொல்லைத் தேர்ந்தெடுத்துப் பொருள் பார்க்கும் வசதி செயலியிலேயே உண்டு. கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான், நம் நூலகப் புத்தகத்தைக் கிண்டிலில் படிக்க முடியாது. கோபோவில் ஓவர்டிரைவ் என்ற நூலக மின்னூல் சேவை உள்ளேயே இருக்கிறது, நூலகக் கணக்கை இணைத்துக்கொள்ளலாம். நூலகத்தை அதிகம் நம்பும் வீடு, தமிழும் வேண்டும் என்றால், நான் கோபோ பக்கம்தான் சாய்வேன். கிண்டிலை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அது புத்தகத்தின் மொழி எது என்று கோப்பில் எழுதியிருப்பதைப் பார்த்தே அகராதியைத் தேர்ந்தெடுக்கிறது. வெளியிலிருந்து ஏற்றிய தமிழ் நூலில் மொழி ‘ஆங்கிலம்’ என்று தவறாக இருந்தால், நீங்கள் போட்டு வைத்த தமிழ் அகராதி எட்டியே பார்க்காது. மின்னூல்களைக் கையாளும் காலிபர் என்ற கணினிச் செயலியில் திறந்து மொழியைத் தமிழ் என்று மாற்றி மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும்.

இதைப் படிக்கும் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதித் தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஆங்கிலம் வளர்த்துக்கொள்ளத்தான் படிக்கிறீர்கள் என்றால் ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் அகராதி ஆரம்பத்தில் உதவாது. ஆங்கிலம்-தமிழ் இருமொழி அகராதியைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் மொழிபெயர்ப்பின் தமிழ்த் தொகுப்பையும் இணையமில்லாமல் பயன்படுத்த இறக்கி வைக்கலாம். அகராதி ஒரு சொல்லின் பல பொருளைக் காட்டும், மொழிபெயர்ப்பி ஒன்றைத்தான் பெரும்பாலும் முன்னே நிறுத்தும். அதனால் சொல்லுக்கு அகராதி, முழு வாக்கியத்துக்கு மொழிபெயர்ப்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கிண்டிலில் ஒகேபுலரி பில்டர் என்று ஒரு வசதி உண்டு. அகராதியில் பார்த்த ஒவ்வொரு சொல்லையும், அது வந்த வாக்கியத்தோடு சேர்த்துத் தானாகவே சேமித்து வைக்கும். சொல்லை மட்டும் எழுதி வைத்த குறிப்பேட்டைவிட இது மேல், ஏனென்றால் வாக்கியத்தைப் பார்த்ததும் கதையில் அந்த இடம் நினைவுக்கு வரும். வாரக் கடைசியில் மகளே அதைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் அந்தப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு “இதற்கு என்ன பொருள் சொல்” என்று தேர்வு நடத்தாதீர்கள். ஒரு தடவை அப்படிச் செய்தால், பட்டியல் நீளக்கூடாது என்பதற்காகவே அவள் சொல்லை அழுத்துவதை நிறுத்திவிடுவாள்.